கிள்ளான் பாதையைப் போட்டவர் யார்?

பழைய நீராவி வண்டியில் ஏறிக் கடலோரமாக ஒரு நாள் உல்லாசமாய்ப் போய்வருவது இக்காலத்தில் நாகரிகமாகி வருகிறது. சபாவில் 2000-ஆம் ஆண்டில் விறகெரிக்கும் இஞ்சினைப் பூட்டி அத்தகைய வண்டி ஒன்று விட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரையிலும் அப்படியொன்று விட்டால் நன்றாயிருக்குமே என்று எவருக்கும் தோன்றலாம். நமக்கும் அதில் ஆட்சேபணையில்லை. ஆனால், அதில் ஏறுவோருக்கு எந்தச் சரித்திரத்தைச் சொல்வது என்பதே நம் கேள்வி.

முன்னாளில் கோலாலம்பூரின் வெள்ளீயம் மாட்டு வண்டியிலும் படகிலுமே கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது. 1882-இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் இரயில் பாதை போட முனைந்தார். 1886 செப்டம்பர் 15-இல் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே வண்டி ஓடிற்று. தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர். அகலம் குறைந்தால் செலவும் குறையும் என்பது கணக்கு. பின்னர் ஆற்றுக்குப் பாலம் கட்டி, 1890-இல் கிள்ளான் நகருக்குள் பாதை வந்தது. 1899-இல் அது ஆற்றின் முகத்துவாரம் வரை நீண்டது. 1901-இல் அங்கே திறந்த துறைமுகத்துக்குச் சுவெட்டன்ஹாமின் பெயரையே சூட்டினார்கள்.

துறைமுகம் திறந்த கையோடு மலேரியாக் காய்ச்சலும் வந்தது. சதுப்பிலே குடியிருந்த தொழிலாளிகள் கொத்துக் கொத்தாகப் படுத்தார்கள். கிள்ளானில் அரசாங்க வைத்தியராயிருந்த மால்கம் வாட்சனின் யோசனைப்படி காடு வெட்டி, வாய்க்கால் தோண்டி, நீரை வடித்த பின்னரே காய்ச்சல் தணிந்தது. வைத்தியரின் அறிவை நாம் போற்றுகிறோம். ஆனால், வாய்க்காலைத் தோண்டியது மண்வெட்டியல்லவா? அதைப் பிடித்த கையின் பெயர் எங்கே?

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பேட்டையைப் பாருங்கள். செங்கற்சூளையால் பெயர் பெற்ற அவ்விடம், இரயில்வேயால் தமிழர் குடியிருப்பாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுட் பலர் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் அமர்ந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுட் பலர் தண்டவாளத்திலே வெயில் காய்ந்தனர். இருவரும் பேசியது ஒரே தமிழ்; சுவாசித்தது ஒரே கரிப்புகை. எனினும், பேனா பிடித்தவன் உயர்ந்தவன், கடப்பாரை பிடித்தவன் தாழ்ந்தவன் என்ற பேதம் கப்பலேறி நம்மோடு கூடவே வந்துவிட்டது. பழி முழுவதையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா?

1910-இல் எழுந்த கோலாலம்பூர் நிலையத்தைக் காண்போர், அதை வரைந்த ஹப்பக்கின் பெயரைக் கேட்டறிகிறார்கள். துறைமுகமோ 1972 வரை ஓர் ஆட்சியாளரின் பெயரைச் சுமந்து நின்றது. சல்லி கொட்டியவனும், கட்டை சுமந்தவனும், இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவனும் வெறுங் 'கூலி' என்ற ஒரே சொல்லில் அடங்கிப் போனார்கள். 1995 முதல் அப்பாதையில் மின்சார வண்டி ஓடுகிறது, புகை போயிற்று. ஆனால் தண்டவாளங்களின் இடைவெளி இன்றும் அதே ஒரு மீட்டர்தான். அன்று பாதை வகுத்தவர்களின் உழைப்பின்மீதே இன்றும் நாம் பிரயாணம் செய்கிறோம்.

ஆகவே, பழைய இஞ்சினைத் துடைத்து எண்ணெய் பூசி நிறுத்துவோர் நிறுத்தட்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இரயில்வேத் தொழிலாளர் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் சம்பளச் சீட்டையும், புகைப்படத்தையும், பாட்டன் சொன்ன கதையையும் நாம் சேர்ப்போம். அவை செல்லரிக்குமுன் சேர்ப்போம். இஞ்சினைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். மறந்துபோன பெயரை எந்தப் பட்டறையில் செய்வது?