இர்ஃபான் பத்தான்: மோதினார் வீட்டுப் பிள்ளையின் கிரிக்கெட் பயணம்

இந்திய கிரிக்கெட் அணியின் முன்னாள் ஆல்ரவுண்டர் இர்ஃபான் பத்தான் 1984 அக்டோபர் 27 அன்று குஜராத்தின் பரோடாவில் பிறந்தார். தந்தை பள்ளிவாசல் மோதினார். இர்ஃபானும் அண்ணன் யூசுஃபும் வளர்ந்தது பள்ளிவாசல் வளாகத்தில்தான். இருவரும் ஆலிம்களாக வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. பிள்ளைகளின் நாட்டமோ கிரிக்கெட்டில் இருந்தது.

இடதுகை வேகப்பந்து வீச்சாளரான இர்ஃபான், 2003 டிசம்பரில் தமது 19ஆம் வயதில் அடிலெய்டில் முதல் டெஸ்ட் ஆடினார். 2006 ஜனவரியில் கராச்சி டெஸ்டின் முதல் ஓவரிலேயே சல்மான் பட், யூனிஸ் கான், முஹம்மது யூசுஃப் மூவரையும் அடுத்தடுத்த பந்துகளில் வீழ்த்தினார். டெஸ்ட் போட்டியின் முதல் ஓவரிலேயே ஹாட்ரிக் எடுத்த முதல் வீரர் அவரே. ஆனாலும் அந்தப் போட்டியில் இந்தியா தோற்றது.

2007 டி20 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் 16 ரன்களுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். யூசுஃப் இந்தியாவுக்காக முதன்முதலில் ஆடியதும் அதே போட்டியில்தான். அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக இர்ஃபான் டெஸ்ட் சதம் அடித்தார். அடுத்த மாதம் பெர்த் டெஸ்ட் வெற்றியிலும் அவரே ஆட்ட நாயகன்.

அதன்பின் ஏற்பட்டது சறுக்கல். 2008 ஏப்ரலுக்குப் பிறகு அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு கிடைக்கவில்லை. பயிற்சியாளர் கிரேக் சேப்பல் அவரை மூன்றாம் இடத்தில் பேட்டிங் செய்ய அனுப்பியதே காரணம் என்று பலரும் சொன்னார்கள். இர்ஃபான் அதை ஏற்கவில்லை. 2012 ஆகஸ்டில் பல்லேகலையில் 5 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனான ஆட்டமே அவரது கடைசி ஒருநாள் போட்டி. அதே அக்டோபரில், 28 வயது நிறையும் முன்பே, சர்வதேச ஆட்டம் முடிந்தது.

29 டெஸ்ட்களில் 1105 ரன், 100 விக்கெட். 120 ஒருநாள் போட்டிகளில் 1544 ரன், 173 விக்கெட். 2018இல் ஜம்மு காஷ்மீர் அணிக்கு ஆட்டக்காரராகவும் வழிகாட்டியாகவும் சென்று, அப்துல் சமத் போன்ற இளைஞர்களை வளர்த்துவிட்டார். 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மட்டையும் பந்துமாகத் திரிகிறார்கள். அவர்களுக்கு ஹாட்ரிக்கை மட்டும் காட்டினால் போதாது என்று நினைக்கிறோம். உழைப்பு நம் கையில், ரிஸ்க் அல்லாஹ்விடம். வாய்ப்பு நின்றபோது பிறர்மேல் பழி போடாமல், கற்றதை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்த இர்ஃபானையும் சேர்த்தே காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.