தாத்தாவைக் கொன்றால் பேரன் பிறப்பாரா? டைம் டிராவல் படங்களின் 'லாஜிக்' என்ன?

காதலியைக் கண்ணெதிரே பறிகொடுத்த விஞ்ஞானி ஒருவர், அவரைக் காப்பாற்றுவதற்காகவே கால இயந்திரம் ஒன்றை உருவாக்குகிறார். நான்கு ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த மோசமான இரவுக்கே திரும்பிப் போகிறார். திருடன் சுட்ட இடத்துக்குப் போகவிடாமல், காதலி எம்மாவை வேறு பக்கம் அழைத்துச் செல்கிறார். அங்கே குதிரை வண்டி விபத்தில் எம்மா உயிரிழக்கிறார்.

எச்.ஜி. வெல்ஸ் 1895-ல் எழுதிய நாவலைத் தழுவி 2002-ல் வெளியான 'தி டைம் மெஷின்' படக் காட்சி இது. இயந்திரம் கையில் இருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? படமே பதில் சொல்கிறது: எம்மா இறந்ததால்தான் இயந்திரமே உருவானது. எம்மா பிழைத்துவிட்டால் இயந்திரம் ஏது? இயந்திரம் இல்லாமல் காப்பாற்றியது யார்?

(ஸ்பாய்லர் அலர்ட்: சில படங்களின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன.)

சிக்கல் எங்கே இருக்கு?

இதன் பிரபலமான வடிவம்தான் 'தாத்தா முரண்'. ஒருவர் கடந்த காலத்துக்குப் போய், கல்யாணத்துக்கு முன்பே தன் தாத்தாவைக் கொன்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பிறக்கமாட்டார், அவரும் பிறக்கமாட்டார். பிறக்காதவர் எப்படிப் போய்க் கொன்றிருப்பார்? யாரும் கொல்லவில்லை என்றால் தாத்தா உயிரோடு இருப்பார், பேரன் பிறப்பார், மறுபடியும் கிளம்புவார். இப்படிச் சுற்றிக்கொண்டே போகும்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒவ்வொரு படமும் ஒரு ரூலைத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலான படங்கள் மூன்று ரூல்களுக்குள் அடங்கிவிடும்.

ரூல் 1: கடந்த காலத்தை மாற்றலாம், விலையும் கொடுக்கணும்

ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கிய 'பேக் டு தி ஃபியூச்சர்' (1985) இதற்குச் சரியான உதாரணம். 1955-க்குப் போகும் மார்ட்டி, தன் அப்பாவும் அம்மாவும் சந்திக்க வேண்டிய தருணத்தைத் தெரியாமல் கெடுத்துவிடுகிறான். கையிலிருக்கும் குடும்ப போட்டோவில் முதலில் அண்ணன் மறைகிறான், அடுத்து அக்கா. கடைசியில் அவனே மறையணும்.

கறாராகப் பார்த்தால் மார்ட்டி உடனே காணாமல் போயிருக்க வேண்டும். படமோ கொஞ்சம் கொஞ்சமாக மறைய வைத்து அவனுக்கு அவகாசம் தருகிறது. லாஜிக்கில் இருக்கும் ஓட்டைதான் இங்கே பரபரப்பாக மாறுகிறது.

ஆர். ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' (2015) படமும் இதே வகைதான். போலீஸ் கையில் சாக வேண்டிய ரவுடி குழந்தைவேலு, நாயகர்களின் பயணத்தால் தப்பிவிடுகிறான். அவர்கள் நிகழ்காலத்துக்குத் திரும்பினால், அவன் உயிரோடு நின்று மிரட்டுகிறான்.

ரூல் 2: எதையும் மாற்ற முடியாது

இங்கே பயணி செய்வதெல்லாம் ஏற்கெனவே நடந்ததில் சேர்ந்தே இருக்கும். 'ட்வெல்வ் மங்கீஸ்' (1995) நாயகன் சிறுவயதில் விமான நிலையத்தில் ஒருவர் சுடப்பட்டு விழுவதைப் பார்த்திருக்கிறான். அந்த ஆள் வேறு யாருமில்லை, எதிர்காலத்திலிருந்து வந்த அவனேதான்.

'தி டெர்மினேட்டர்' (1984) படத்தில் ஜான் கானர் பிறக்கவே கூடாது என்று அவன் அம்மாவைக் கொல்ல ஓர் இயந்திரம் வருகிறது. அவரைக் காக்க ஜானே அனுப்பும் கைல் ரீஸ்தான் ஜானுக்கு அப்பா ஆகிறான். கொல்ல ஆள் அனுப்பாமல் இருந்திருந்தால் ஜான் பிறந்தே இருக்கமாட்டான்! இதில் எது முதல், எது பின்? தொடக்கமே இல்லாத வட்டம் இது. ஆனால் 1991-ல் வந்த இரண்டாம் பாகம், விதியை மாற்றலாம் என்று முதல் ரூலுக்குத் தாவிவிட்டது.

ரூல் 3: மாற்றினால் வேறொரு உலகம் கிளைக்கும்

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) பிடித்துக்கொண்ட வழி இது. கடந்த காலத்தில் கை வைத்தால் புதிய கிளை உருவாகுமே தவிர, கிளம்பி வந்த உலகம் மாறாது. தாத்தாவைக் கொன்றாலும், அது இன்னொரு கிளையின் தாத்தா.

முரண் தீர்ந்தது, ஆனால் இழப்பு தீரவில்லை. ஐந்து ஆண்டு சோகத்தை அழிக்க முடியாது. மறைந்தவர்களை நிகழ்காலத்துக்குத்தான் திரும்பக் கொண்டுவர முடியும். டோனி ஸ்டார்க் விரும்புவதும் இதையே. அந்த ஐந்து ஆண்டில்தான் அவருக்கு மகள் பிறந்திருக்கிறாள்.

அறிவியல் என்ன சொல்லுது?

எதிர்காலத்தை நோக்கிய பயணம் கற்பனை இல்லை. ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டின்படி, வேகமும் ஈர்ப்பும் மாறினால் நேரம் ஓடும் விதமும் மாறும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் பூமியில் உள்ளதைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அதைச் சரிசெய்யாவிட்டால் செல்போன் மேப் தப்பான இடத்தைக் காட்டும்.

பின்னோக்கிப் போவதற்கு மட்டும் இதுவரை ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஸ்டீபன் ஹாக்கிங் 2009-ல் காலப் பயணிகளுக்காக விருந்து வைத்தார். எதிர்காலத்தில் இருப்பவர்கள் மட்டுமே வர முடியும் என்பதற்காக, விருந்து முடிந்த பிறகுதான் அழைப்பை வெளியிட்டார். ஒருவர்கூட வரவில்லை.

அப்போ படத்தை எப்படிப் பார்ப்பது?

'இது நடக்குமா?' என்று கேட்டால் எந்த டைம் டிராவல் படமும் தாங்காது. தான் போட்ட ரூலைப் படம் கடைசி வரை மதிக்கிறதா என்று பார்த்தால் போதும். எழுதுபவர் வசதிக்காக நடுவில் ரூல் மாறினால், நாயகனின் இழப்பும் பொய்யாகத் தோன்றும்.

எம்மாவை இழந்த அந்த விஞ்ஞானி கடைசியில் என்ன செய்கிறார் தெரியுமா? தொலைதூர எதிர்காலத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் மக்களைக் காப்பாற்ற, தன் கால இயந்திரத்தையே வெடிக்கவைத்துவிட்டு அவர்களோடு தங்கிவிடுகிறார்.