தென்துருவம் போன நம்மவர்கள் – 9: பனிக்குள் ஒரு பொறி

அண்டார்டிகாவில் இருப்பவர்கள் எதற்கு அதிகம் பயப்படுவார்கள் என்று கேட்டால், பனிப்புயல் என்பார்கள் பலர். பனிப்பிளவு என்பார்கள் சிலர். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போய்வருகிற ஒருவரிடம், “அங்கே காற்றில் ஈரமே கிடையாது” என்ற ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லுங்கள். “அப்போ தீதானே?” என்று திருப்பிக் கேட்பார். அதுதான் சரியான பதில்.

பூமியின் நன்னீரில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக உறைந்து கிடக்கும் கண்டத்தில் தீயை அணைக்கத் தண்ணீர் இல்லை. வெளியே மைனஸ் 30 டிகிரியில் இருக்கும் காற்றில் ஈரம் தங்காது. அதை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், புதிதாக ஈரம் சேர்க்காதவரை ஈரப்பதம் இரண்டு சதவீதத்தைக்கூட எட்டாது. அந்த அறையில் மரம், துணி, கம்பி உறை எல்லாம் காய்ந்து பற்றிக்கொள்ளத் தயாராக நிற்கும். வெளியே சதா காற்று. பக்கத்தில் ஜெனரேட்டர், அதற்கு எண்ணெய். போதாக்குறைக்கு, நடந்தாலே உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். கதவுப் பிடியைத் தொட்டால் ‘சுரீர்’ என்று பொறி தெறிக்கும். உலர்ந்த பனித்தூள் பறக்கும்போது ஹெலிகாப்டரின் உடம்பிலும் மின்சாரம் ஏறிவிடுவதால், அதிலிருந்து தொங்கும் கொக்கியை முதலில் தரையில் பட வைத்து மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

இதே வேலையை நம் ஊர்ப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறை வாசலில் பதித்த செம்புத் தகடு செய்கிறது. உள்ளே போகிறவர் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கீழே ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தித் துணி, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஒரு அறை வெடித்தால் அடுத்தது தப்பிக்கும்படி இடைவெளி வேண்டும். வெயில் ஏறும் முன் மருந்து கலவையை முடித்துவிட வேண்டும். இடி மின்னல் என்றால் வேலையை நிறுத்த வேண்டும். மழை குறைந்த கரிசல் காட்டின் வறட்சிதான் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலை இங்கே வேர்பிடிக்க வைத்தது. திரியும் மருந்தும் காய அந்த வறட்சி வேண்டும். பொறியைப் பிறப்பிப்பதும் அதுதான்.

துருவ நிலையங்களின் தீ வரலாறு நீளமானது. 1960 ஆகஸ்ட் 3 அன்று சோவியத்தின் மிர்னி நிலையத்தில் பனிப்புயலுக்கு நடுவே வானிலைப் பிரிவின் கட்டடம் எரிந்தது. பனிக்கு அடியில் புதைந்திருந்த கட்டடம் அது. எட்டுப் பேர் இறந்தார்கள். 1982 ஏப்ரல் 12 அன்று வோஸ்டாக்கில் மின்நிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். மீதி இருபது பேர் ஒரே கட்டடத்தில் அடைந்து, கையால் செய்த அடுப்புகளை வைத்துக்கொண்டு அந்தக் குளிர்காலத்தைத் தள்ளினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது அதே வோஸ்டாக்கில்தான். 1984இல் இன்னொரு விசித்திரம்: அர்ஜென்டினாவின் அல்மிரான்டே பிரவுன் நிலையம் எரிந்தது. இன்னொரு குளிர்காலம் அங்கே இருக்க மனமில்லாத மருத்துவரே தீ வைத்தார் என்று சொல்லப்படுகிறது. தனிமை அந்த அளவுக்கு மனிதனை ஆட்டிவைக்கும்.

நம் கதைக்கு வருவோம். 1983 டிசம்பரில் ஹர்ஷ் குப்தா தலைமையில் ‘ஃபின்போலாரிஸ்’ கப்பலில் கோவாவிலிருந்து போன 81 பேர், அந்தக் கோடைக்குள் தட்சிண கங்கோத்ரி நிலையத்தைக் கட்டி முடித்தார்கள். அங்கேயே 12 பேர் முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். போன வாரம் பார்த்த சன்னாநல்லூர்க்காரர் கர்னல் கணேசன் பிற்பாடு தலைமை ஏற்றதும் இதே நிலையத்தில்தான். அது நின்றது பாறையில் இல்லை, கடலின் மேல் நீண்டு கிடக்கும் பனித்தட்டில். ஆண்டுக்கு ஆண்டு பனி மூடி நிலையம் கீழே போய்க்கொண்டே இருந்தது. மேலிருந்து துளை வழியாக உள்ளே இறங்கும் நிலை வந்தது. நிலையம் அடுத்தடுத்துப் பனிக்குள் போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். உள்ளே தீப்பிடித்தால் வெளியேற வழி மேலே மட்டும்தான் என்பதை நான் அதற்கும் மேலாக வைப்பேன். மிர்னியில் நடந்தது அதுதானே? நல்லவேளை, தட்சிண கங்கோத்ரியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 1990 பிப்ரவரியில் அதை மூடினார்கள்.

மூடுவதற்கு முந்தைய மாதம் இந்தியக் குழு பெரிய இழப்பைச் சந்தித்தது. ஹம்போல்ட் மலைப்பகுதியில் முகாமிட்டிருந்த நால்வர் கூடாரத்துக்குள் சேர்ந்த கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். மணமில்லாத, நிறமில்லாத வாயு. தீ தெரிந்தே கொல்லும், அதன் புகை தெரியாமல் கொல்லும்.

நம் அடுத்த நிலையமான மைத்ரி வேறு மாதிரி. 1989இல் ஷிர்மாக்கர் பாறைப் பகுதியில் கட்டப்பட்டு, எஃகுக் கால்களின் மேல் நிற்கிறது. அடியில் காற்று புகுந்து பனியை அடித்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் பிரியதர்ஷினி ஏரி. அதன் தண்ணீர்தான் குடிக்கவும் சமைக்கவும்.

2012ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 25 அன்று பிரேசிலின் கொமாண்டான்டே ஃபெராஸ் நிலையத்தில் ஜெனரேட்டர் அறையில் கிளம்பிய தீயை அணைக்கப் போன கடற்படையினர் இருவர் மாண்டார்கள். நிலையத்தின் பெரும்பகுதி சாம்பல். மூன்று வாரம் கழித்து, மார்ச் 18 அன்று, 134 சரக்குக் கொள்கலன்களை அடுக்கிக் கட்டிய நம் பாரதி நிலையம் லார்ஸ்மன் குன்றுகளில் செயல்படத் தொடங்கியது. அதே குன்றுகளில் இருக்கும் ரஷ்யாவின் புரோகிரஸ் நிலையத்தில் 2008இல் தீ ஓர் உயிரைக் குடித்திருந்தது. அதே 2012இல், செப்டம்பர் 5 அன்று, சிவகாசி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடித்த வெடியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதில் வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடிவந்தவர்களும் உண்டு. தூரம் விட்டு நிற்கச் சொல்லும் விதி எதற்காக என்று அன்று ஊருக்கே தெரிந்தது.

கதவுப் பிடியில் தெறிக்கும் அந்த மின்சாரத்துக்குப் பெரிய அண்ணன் ஒருவர் உண்டு: வானம் முழுக்கப் பரவி, பூமிக்கும் மேலடுக்குக்கும் நடுவே ஓயாமல் ஓடும் மின்னோட்டம். புகையும் தூசும் இல்லாத இடத்தில்தான் அதைச் சுத்தமாக அளக்க முடியும். மைத்ரியில் அளக்கிறார்கள். நம் பக்கத்தில், நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்து ஆய்வுக்கூடத்திலும் அளக்கிறார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.