தலைப்பெண் முறை

நூலின் பகுதிகளுக்கும் தலைப்பு, உட்தலைப்புகளுக்கும் வரிசையெண் இடும் வழக்கம். எழுத்தின் பருமனும் வண்ணமும் இல்லாத வெற்றுரைக் கோப்பில் (நோட்பேடில் தட்டச்சு செய்யும் கோப்பு போன்றது) எது தலைப்பு, எது அதன் கிளை என்று காட்ட எண்ணையும் உள்தள்ளலையும் விட்டால் அதிக வழியில்லை. அந்த வகையில் ஓலைச்சுவடியும் வெற்றுரையே.

தமிழில் நூலை அடுக்காகப் பகுக்கும் முறை பழையது. தொல்காப்பியம் 3 அதிகாரங்களும், அதிகாரத்துக்கு 9 வீதம் 27 இயல்களும் கொண்டது. நூற்பாக்கள் ஏறத்தாழ 1600; ஓர் உரையாசிரியர் ஒன்றாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்ததால் தொகை உரைக்கு உரை மாறும். ஆகவே நூற்பா எண்ணைச் சொல்பவர் இளம்பூரணமா, நச்சினார்க்கினியமா என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருக்குறளில் அதிகாரத்துக்குப் பத்துப் பாட்டு என்பதால் 391 என்றாலே 40ஆம் அதிகாரத்தின் முதற்குறள் என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் இவ்வெண் உரையாசிரியர் பரிமேலழகரின் வரிசையைச் சார்ந்தது. மணக்குடவர் வரிசை வேறு. எது மூலவரிசை என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

சுவடிகளில் ஏட்டெண் தமிழ் எண்குறிகளால் எழுதப்பட்டது. ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பர்; ஆகவே ‘2.1’ என்று புள்ளியால் கிளை காட்டும் முறை அங்கே தோன்றியிருக்க வாய்ப்புக் குறைவு. அச்சு நூல்களில் பாட்டின் எண் பெரும்பாலும் பாட்டுக்கோ உரைக்கோ இறுதியில், அடைப்புக்குறிக்குள் வந்தது. எண்குறிகளுக்குப் பதில் க, உ என்ற எழுத்துகளையே கோத்ததும் உண்டு.

இத்துறையில் குறிப்பிடத்தக்கது சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதனின் பணி. கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பூட்டிக் கழற்றிக் காட்டியதைக் கண்டதே நூலக நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறைக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். அம்முறை 1933இல் வெளிவந்தது. தம் நூல்களின் பத்திகளுக்கும் அவர் எண்ணிட்டார். அவ்வெண்கள் முழு எண்கள் அல்ல, தசம பின்னங்கள். 12க்கும் 13க்கும் இடையே புதிதாக ஒன்று வேண்டுமா? 121 இருக்கிறது, பிற எண் எதையும் தொட வேண்டாம். ஒன்பதுக்கு மேல் கிளைகள் பெருகினால் என்ன செய்வது? 9ஐத் தனித்து நிற்க விடாமல் வாயிற்காவலாக வைத்தார்: 8க்குப் பின் 91, 92 என 98 வரை, பிறகு 991. ‘எண்ம முறை’ எனப்படும் இத்தந்திரத்தின் அழகு கணினி வந்த பிறகே முழுதும் விளங்கியது எனலாம். கோப்புப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் கணினி 10ஐ 2க்கு முன் வைக்கிறது; அலுவலகங்களில் 01, 02 என்று சுழியம் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். அரங்கநாதன் எண்களுக்கு அந்தச் சுழியம் தேவைப்படாது.

சட்டநூல்கள் வேறு வழியில் சென்றன. இடைச்செருகலுக்கு எழுத்து ஒட்டப்பட்டது: இந்திய அரசமைப்பில் 51அ (1976), இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ (1983). தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் எண்கள் அடியோடு மாறின. மோசடிக்குரிய 420 இப்போது 318. பேச்சுவழக்கில் ‘ஃபோர் ட்வென்டி’ மாறவில்லை.

புள்ளியிட்ட எண்முறைக்கு 1978இல் ஐஎஸ்ஓ 2145 என்ற பன்னாட்டுத் தரநிலை வந்தது. அதன்படி கடைசி எண்ணுக்குப் பின் புள்ளி கிடையாது. 2004இல் வெளியான மார்க்டவுன் என்னும் வெற்றுரைக் குறிமுறை தலைப்புக்கு # குறி இடுகிறது, எண் இடுவதில்லை. எண் வேண்டுவோர் கையால் தட்டுகிறார்கள் அல்லது தனி மென்பொருளிடம் விடுகிறார்கள்.