எதுவுமே நடக்காத இரண்டரை மணி நேரம்: ஐஸ் ஹாக்கியில் ஒரு டிஃபென்ஸ்மேனை எடைபோடுவது எப்படி?

2011 தொடக்கத்தில் ஆன்சைட் வேலையாக மிச்சிகனில் இருந்தேன். டீமில் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் டெட்ராய்ட் ஜோ லூயிஸ் அரங்கத்துக்கு ஐஸ் ஹாக்கி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பனிமேல் வழுக்கிக்கொண்டே சண்டை போடுவார்கள் என்பதைத் தாண்டி அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "பக் எங்க போகுதுன்னு பாக்காத. அந்த 5-ம் நம்பர் ஆளை மட்டும் பாரு."

பார்த்தேன். இரண்டரை மணி நேரம். அந்த ஆள் யாரையும் இடித்துத் தள்ளவில்லை, வேகமாக ஓடவும் இல்லை. அவர் இருக்கும் பக்கம் எதுவுமே நடக்கவில்லை. "என்னங்க இவரு, சும்மா நிக்கிறாரு?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "அதான் விஷயமே" என்றார்.

அந்த 5-ம் நம்பர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். அந்த வருடம் ஜூன் மாதம், 41 வயதில், வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்குத் தரும் நாரிஸ் கோப்பையை ஏழாவது முறையாக வாங்கினார். சரி, இவ்வளவு பெரிய ஆளை சின்ன வயதிலேயே கண்டுபிடித்து முதல் ஆளாகத் தூக்கியிருப்பார்களே என்று தேடினால், 1989-ல் அவரைத் தேர்ந்தெடுத்தது 53-வது ஆளாக! அவருக்கு முன் 52 பையன்கள். இது எப்படி நடந்தது என்று அன்று ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டம்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு சமயத்தில் ஒரு அணிக்குக் களத்தில் ஆறு பேர்: ஒரு கோலி, மூன்று ஃபார்வர்ட், இரண்டு டிஃபென்ஸ்மேன். 200 அடி நீளம், 85 அடி அகலப் பனித்தளம். ஒருவர் தொடர்ந்து முக்கால் நிமிடம் போல ஆடுவார், பிறகு பெஞ்சுக்குப் போய்விடுவார், அடுத்தவர் குதிப்பார். டிஃபென்ஸ்மேன் எதிரணி கோல் போடாமல் தடுக்க வேண்டும். கூடவே, பக்கைக் கைப்பற்றி முன்னால் இருப்பவர்களுக்குச் சரியாகக் கொடுத்து தாக்குதலைத் தொடங்கி வைப்பதும் அவர் வேலைதான்.

புதிய ஆட்களை எடுக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். வருடம் ஒருமுறை எல்லா அணிகளும் கூடி, முறைவைத்து, பெரும்பாலும் 18 வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். முந்தைய ஆண்டு கீழே கிடந்த அணிகளுக்கு முதல் வாய்ப்பு. ஊர் ஊராகப் போய் இந்தப் பையன்களைப் பார்த்துக் குறிப்பெழுதுபவர்கள் ஸ்கௌட்டுகள்.

ஃபார்வர்டை எடைபோடுவது ஓரளவு எளிது. கோல் போட்டானா, எத்தனை? டிஃபென்ஸ்மேனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவன் தப்பு செய்தால் ஸ்டேடியம் முழுக்கத் தெரியும். சரியாகச் செய்தால், நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்காமல் போகும். நடக்காத ஒன்றை எப்படி எண்ணுவது?

பாபி ஓர்: கண்ணுக்குத் தெரிந்த மேதை

முதலில் ஒரு சுலபமான கேஸ். 1961 வசந்த காலம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கனனாக்வே என்ற சிறு ஊர். அங்கே நடந்த சிறுவர் போட்டிக்கு பாஸ்டன் புரூயின்ஸ் அணி நிர்வாகிகள் வந்திருந்தார்கள், வேறு இரண்டு பையன்களைப் பார்க்க. ஆனால் அவர்கள் கண்ணில் பட்டது பாரி சவுண்ட் என்ற ஊரிலிருந்து வந்திருந்த ஒல்லிப் பையன். ஆட்டம் முழுக்க பக் அவனிடமே இருந்தது.

அப்போது டிராஃப்ட் கிடையாது; 1963-ல்தான் அது தொடங்கியது. அணிகள் ஊர்களின் சிறுவர் அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து, பையன்களோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவார்கள். 1962-ல், 14 வயதில், பாபி ஓர் பாஸ்டனுக்குச் சொந்தமானார். 1966-ல் என்.எச்.எல்.லில் இறங்கினார். 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு நாரிஸ் கோப்பைகள். லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பையை இரண்டு முறை (1970, 1975) வாங்கினார். அதை வாங்கிய ஒரே டிஃபென்ஸ்மேன் இன்றுவரை அவர்தான். முழங்கால் கைவிட்டதால் 657 ஆட்டங்களோடு எல்லாம் முடிந்தது.

ஓரைக் கண்டுபிடிக்க நுட்பமான கண் தேவைப்படவில்லை. பார்த்த எல்லாருக்குமே தெரிந்தது. ஆனால் அந்த வெற்றி ஸ்கௌட்டுகள் மனதில் ஒரு பழக்கத்தை விட்டுப் போனது என்பது என் ஊகம். நல்ல டிஃபென்ஸ்மேன் என்றால் பார்த்த உடனே கண்ணில் அறைய வேண்டும் என்று. ஓர் மாதிரி அறையாவிட்டால், உடம்பாவது அறைய வேண்டும். உயரம், எடை, மோதல்.

1989: பட்டியலின் 53-வது வரி

1989 டிராஃப்ட்டில் 12 சுற்று, மொத்தம் 252 பையன்கள். முதல் ஆள் மாட்ஸ் சுன்டின், ஸ்வீடன்காரர். முதல் இடத்தில் தேர்வான முதல் ஐரோப்பியர். 6, 7, 8, 9 ஆகிய நான்கு இடங்களிலும் வரிசையாக டிஃபென்ஸ்மேன்கள். அதில் 8-வதாக எடுக்கப்பட்டவர் என்.எச்.எல்.லில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம்.

லிட்ஸ்ட்ரோம் அந்தப் பருவத்தில் ஸ்வீடனின் வெஸ்டெரோஸ் ஊர் அணியில் பெரியவர்களோடு 20 ஆட்டம் போல ஆடியிருந்தார். ஒரு கோல்கூட இல்லை. ஒல்லி உடம்பு. யாரையும் இடிக்க மாட்டார். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஸ்வீடனில் டெட்ராய்ட்டுக்காக ஆள் தேடிய கிறிஸ்டர் ராக்ஸ்ட்ரோம் இவர் வேண்டும் என்று சொன்னார். மூன்றாவது சுற்றில் எடுத்தார்கள். எடுத்த பிறகும் அவசரப்படவில்லை. இன்னும் இரண்டு வருடம் ஊரிலேயே ஆடவிட்டார்கள்.

1991-ல் டெட்ராய்ட் வந்தார். முதல் வருடமே 60 புள்ளிகள். மொத்தம் 20 பருவங்கள், 1564 ஆட்டங்கள், நான்கு ஸ்டான்லி கோப்பைகள். அத்தனை ஆட்டங்களிலும் சேர்த்து அவர் பெனால்டியில் உட்கார்ந்தது 514 நிமிடம். மூன்று ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு. தாமதமாக வந்து சேர்ந்தவன்தான் எதிராளியைப் பிடித்து இழுப்பான், கொக்கி போடுவான், பெனால்டி வாங்குவான். இவர் எப்போதும் முன்னாடியே அங்கே நின்றுகொண்டிருந்தார். நான் "சும்மா நிக்கிறாரு" என்று சொன்னது இதைத்தான்!

அப்படின்னா எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்கௌட்டுகள், பயிற்சியாளர்கள் பேசுவதை நிறையப் படித்ததில் நான் தொகுத்துக்கொண்டவை இவை:

ஒன்று, பின்னோக்கிய சறுக்கல். எதிராளி முன்னோக்கி முழு வேகத்தில் வருகிறான். இவன் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போக வேண்டும். பிறகு சரியான கணத்தில் வேகம் குறையாமல் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் தடுமாறும் பையன் மேலே போகப் போக மாட்டிக்கொள்வான்.

இரண்டு, இடைவெளி. எதிராளிக்கும் இவனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விடுகிறான்? அதிகம் விட்டால் அவன் நிதானமாக யோசித்து ஷாட் அடிப்பான். குறைவாக விட்டால் தாண்டிப் போய்விடுவான்.

மூன்று, எனக்கு மிகப் பிடித்தது. பக் பின்சுவரோரம் கிடக்கிறது, எடுக்கப் போகிறான், முதுகுக்குப் பின்னால் எதிராளி துரத்தி வருகிறான். பக்கைத் தொடும் முன் தோளுக்கு மேலே எத்தனை முறை திரும்பிப் பார்த்தான்? பார்த்தவனுக்கு எங்கே பாஸ் கொடுப்பது என்று ஏற்கெனவே தெரியும். பார்க்காதவன் எடுத்த பிறகுதான் யோசிப்பான். அதற்குள் இடி விழுந்துவிடும்.

நான்கு, தப்பு செய்த அடுத்த நிமிடம். இவனால் கோல் விழுந்துவிட்டது. அடுத்த முறை களத்தில் இறங்கும்போது அதே பாஸைத் தைரியமாகக் கொடுக்கிறானா, பயந்து பக்கைச் சுவரில் அடித்து விடுகிறானா?

கவனியுங்கள், இந்த நான்கும் ஸ்கோர் தாளில் வராது. தாளில் வந்த ஒரே எண் ப்ளஸ்-மைனஸ்: ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம். ஓர் 1970-71-ல் எடுத்த +124 இன்னும் சாதனை. ஆனால் நல்ல அணியில் இருந்தால் சுமாரான ஆளுக்கும் ப்ளஸ் வரும். பின்னாளில் கோலுக்குப் பதிலாக ஷாட் முயற்சிகளை எண்ணும் 'கோர்சி' போன்ற அளவைகள் வந்தன. கோல்களைவிட ஷாட்டுகள் பல மடங்கு அதிகம் என்பதால் அதிர்ஷ்டத்தின் பங்கு கொஞ்சம் குறையும். டேட்டா அதிகம், இரைச்சல் குறைவு, நம்ம லாஜிக்தான்.

2012: எட்டுப் பேர்

எண்களும் வீடியோவும் வந்தபின் பிரச்சினை தீர்ந்திருக்குமே? 2012 டிராஃப்ட், பிட்ஸ்பர்க். முதல் பத்து இடங்களில் எட்டு டிஃபென்ஸ்மேன்கள்! இவ்வளவு பேர் மேலே போனதால், இதை நான் ஒரு பரிசோதனையாகவே பார்க்கிறேன்.

எட்டில் மார்கன் ரைலி, ஹாம்பஸ் லின்ட்ஹோம், ஜேக்கப் ட்ரூபா போன்றவர்கள் நிலைத்தார்கள். 4-வதாகப் போன கிரிஃபின் ரைன்ஹார்ட்டுக்கு எல்லாம் இருந்தது: ஆறடி நான்கு அங்குலம், முன்னாள் என்.எச்.எல். டிஃபென்ஸ்மேனின் மகன், ஜூனியர் அணியோடு 2014-ல் மெமோரியல் கோப்பை. 2015-ல் எட்மன்டன் இவருக்காக இரண்டு தேர்வு வாய்ப்புகளையே விட்டுக்கொடுத்தது. அவர் என்.எச்.எல்.லில் ஆடியது மொத்தம் 37 ஆட்டங்கள்.

அதே நாளில் 86-வதாக கோல்டன் பராய்கோ. 120-வதாக ஜாக்கப் ஸ்லாவின். பராய்கோ 2019-ல் ஸ்டான்லி கோப்பை வென்ற செயின்ட் லூயிஸ் அணியின் தூண். ஸ்லாவின் 2020-21 பருவத்தில் 52 ஆட்டங்களில் வாங்கியது மொத்தம் 2 நிமிட பெனால்டி. கண்ணிய ஆட்டத்துக்கான லேடி பிங் கோப்பை அவருக்கு. லிட்ஸ்ட்ரோம் மாதிரியே, முன்னாடியே வந்து நிற்கிற வகை.

ஏன் மறுபடியும் தப்பியது? எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள். முதலாவது வயது. 18-ல் ஒரு பையனைத் தீர்மானிக்கிறோம். டிஃபென்ஸ்மேன் முதிர்வதோ பெரும்பாலும் 22, 23-ல். பராய்கோவும் ஸ்லாவினும் என்.எச்.எல்.லில் இறங்கியதே 2015-ல்தான்.

இரண்டாவது பிறந்த மாதம். கனடாவில் சிறுவர் ஹாக்கியின் வயது வரம்பு ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன், ஆனால் ஒரே வகுப்பு. பெரிய பையனுக்கு நல்ல அணி, நல்ல பயிற்சி. உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் இதை 1985-லேயே எழுதினார்கள். வருடக் கடைசியில் பிறந்தவர்கள் தங்கள் தகுதிக்கும் கீழான இடங்களிலேயே டிராஃப்ட் ஆகிறார்கள் என்று 2013-ல் வந்த ஆய்வு ஒன்றும் காட்டியது.

மூன்றாவது, ஆட்டமே மாறியது. 2004-05 பருவம் முழுக்க ரத்தானபின், 2005-ல் விதிகள் மாறின. நீளமான பாஸ் அனுமதிக்கப்பட்டது. பிடித்து இழுப்பதும் கொக்கி போடுவதும் கறாராகத் தண்டிக்கப்பட்டன. மலை மாதிரி உடம்பின் மதிப்பு இறங்கியது, கால்களின் மதிப்பு ஏறியது. ஆனாலும் கண்கள் பழகியது பழைய ஆட்டத்துக்கு. 2016-ல் 66-வதாக எடுக்கப்பட்ட ஆடம் ஃபாக்ஸ், ஆறடிக்கும் குறைவு, 2021-ல் நாரிஸ் வாங்கினார்.

ஸ்கௌட்டுகளைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. குளிரில் காலி அரங்குகளில் உட்கார்ந்து, 17 வயதுப் பையன் 23-ல் என்னவாக இருப்பான் என்று சொல்வது சாதாரண வேலை இல்லை. கிரிஃபின் ரைன்ஹார்ட்டும் தன்னை 4-வதாக எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இன்னொருவர் கணிப்பின் சுமையை அந்த வயதில் அவர் தூக்க வேண்டியிருந்தது.

என் கணக்கு

சில வருடங்களுக்கு முன், அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில், ஆறு ஜூனியர்களுக்கு அப்ரைசல் ரேட்டிங் போடும் பொறுப்பு எனக்கு. ஒரு பையன் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து புரொடக்‌ஷன் பிரச்சினையைச் சரிசெய்தவன். மேலதிகாரிகள் வரை பெயர் தெரியும். ஒரு பெண், அவள் மாட்யூலில் வருடம் முழுக்க ஒரு பிரச்சினையும் வரவில்லை. மீட்டிங்கில் அதிகம் பேசமாட்டாள். பையனுக்கு உச்ச ரேட்டிங், அவளுக்கு நடுத்தரம். "விசிபிலிட்டி இன்னும் வேணும்மா" என்று அட்வைஸ் வேறு செய்தேன். அவள் நான்கு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டாள். அவள் மாட்யூலை வேறொருவரிடம் கொடுத்தோம். அடுத்த காலாண்டில் அங்கிருந்து மட்டும் பதினோரு டிக்கெட்.

லிட்ஸ்ட்ரோமை நேரில் இரண்டரை மணி நேரம் பார்த்தவன் நான். அப்படியும் ரேட்டிங் ஷீட்டில் எனக்கு அவள் தெரியவில்லை.

இப்போதெல்லாம் அப்ரைசலுக்கு முன் ஒரு வேலை செய்கிறேன். யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், யார் இடத்தில் என்னவெல்லாம் நடக்கவில்லை என்று இன்னொரு பட்டியல் எழுதுகிறேன். இரண்டாவதை எழுத மூன்று மடங்கு நேரம் ஆகிறது. பழைய டிக்கெட், கோட் ரிவ்யூ எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். போன முறை அந்தப் பட்டியலால் ஒருவருடைய ரேட்டிங் மாறியது.