நாய் பிடிக்கும் வண்டி முதல் கு.க. ஆபரேஷன் வரை: தெருநாயின் கதை

எங்கள் வண்டியூரில் இருட்டிய பிறகு கண்மாய்ப் பக்கம் டூவீலரில் போகிறவர்களுக்குத் தெரியும், நாலு நாய் எந்தச் சந்திலிருந்து துரத்தும் என்று. "இதையெல்லாம் பிடிச்சிட்டுப் போய்க் கொன்னா என்ன?" என்று டீக்கடையில் ஒருவராவது கேட்பார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நம் மாநிலத்தில் அதை நூறு வருடத்துக்கு மேல் செய்து பார்த்துவிட்டார்கள்! அந்தக் கதைதான் இது.

முதலில் பயத்தின் காரணத்தைப் பார்ப்போம். வெறிநோய் (ரேபிஸ்) அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர் 9 வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் தடுப்பூசி போட்டார். இந்தியாவில் இந்தச் சிகிச்சை 1900-ல் இமாசலத்தின் கசௌலியில் தொடங்கியது. தெற்கே இருப்பவன் நாய் கடித்த பிறகு ரயிலேறி அங்கே போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும்? 1902-ல் லில்லி பாகன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் இங்கே வெறிநோயால் இறந்தார். அந்த மரணத்துக்குப் பிறகு தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் தந்த நன்கொடையின் உதவியோடு 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது.

"தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி" என்று நம் தாத்தா பாட்டி மிரட்டுவார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. பக்கவாதம் வரைக்கும் பக்கவிளைவு உண்டு. 2004 இறுதியோடு இந்தியாவில் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது.

சரி, நாய்களை என்ன செய்தார்கள்? சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொல்வது 1860-லேயே தொடங்கியது என்று புளூ கிராஸ் அமைப்பு சொல்கிறது. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டனவாம். இத்தனைக்குப் பிறகும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. ஏன்? ஒரு தெருவில் நாய்களைக் காலி செய்தால், அங்கே குவியும் எச்சில் இலையும் கறிக்கடைக் கழிவும் அப்படியேதான் இருக்கும். பக்கத்துத் தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். வருகிறது ஊசி போடாத நாயாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் சென்னையில் தொடங்கியது புளூ கிராஸ். கொல்வதற்குப் பதில் கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1964 முதல் அவர்கள் சொல்லிவந்தார்கள். மாநகராட்சி அதை ஏற்க 30 வருடத்துக்கு மேல் ஆனது. 1995-ல் தென்சென்னையின் ஒரு பகுதியில் சோதனையாக ஆரம்பித்து, மறு வருடம் நகரம் முழுக்கப் பரவியது. 2001-ல் மத்திய அரசு இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-ல் புது விதிகள் வந்தன.

கதை இன்னும் முடியவில்லை. 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்சநீதிமன்றம், சில நாட்களிலேயே உத்தரவை மாற்றியது. ஆபரேஷனும் ஊசியும் முடிந்த நாய்களை அதே இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கும் நாய்க்குச் சோறு வைக்கிறவருக்கும் நடுவில் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. என் கருத்து, இரண்டு பேரும் கேட்க வேண்டியது ஒன்றையேதான்: ஆபரேஷனும் ஊசியும் ஒழுங்காக நடக்க வேண்டும். பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது ஊசி போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறும் என்கிறார்கள் நிபுணர்கள். பத்து நாயைப் பிடித்து போட்டோ எடுத்தால் போதாது.

நாம் என்ன செய்யலாம்?

- வண்டியூர் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எனவே புகாரை மாநகராட்சிக்கே கொடுங்கள், தெருப் பெயரோடு எழுத்தில். ஒரு காதின் நுனி வெட்டியிருந்தால் அந்த நாய்க்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று அர்த்தம்.
- அடிபட்ட விலங்குக்கு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.
- வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்காதீர்கள். தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கு (101) சொல்லுங்கள்.
- நாய் கடித்தால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். குட்டி நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு காலத்தில் கசௌலி வரை தேடிப் போன மருந்து, இன்று பஸ் ஏறினால் கிடைக்கிறது. அப்படியும் இந்த நோயால் நம் நாட்டில் ஆட்கள் சாகிறார்கள் என்றால், அந்தப் பழியை நாய் மேல் மட்டும் போட முடியாது.