ஓர் அம்புக்குறியின் பூர்வீகம்

பச்சைக்கல், முத்து, செவ்வந்திக்கல் மூன்றும் சேர்ந்த பழைய ஆங்கிலேய நகை ஒன்று விற்பனைக்கு வந்தால், கூடவே ஒரு கதையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது சஃப்ரஜெட் நகையாம். வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் தங்களுக்குள் அடையாளம் காண ரகசியமாக அணிந்ததாம். கிரீன், ஒயிட், வயலட் என்ற நிறங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கிவ் விமன் வோட்ஸ்' என்று வருகிறதாம். கதையோடு விலையும் ஏறுகிறது. வாங்குகிறவர் கல்லுக்குக் கொஞ்சமும் கதைக்கு மீதியும் கொடுக்கிறார்.

இந்தக் கதைக்கு ஆதாரம் அநேகமாக இல்லை. எலிசபெத் கோரிங் என்ற ஆய்வாளர் 2002இல் எழுதிய கட்டுரையில் இதை நிதானமாகப் பிரித்துப் போட்டுவிட்டார். அந்த மூன்று கற்களின் சேர்க்கை, எட்வர்டு காலத்தில் சாதாரணமாகப் புழங்கிய மோஸ்தர். அரசியல் எதுவும் அறியாத பெண்கள் எத்தனையோ பேர் அதை அணிந்தார்கள். தவிர, எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் சங்கம் 1908இல்தான் தன் நிறங்களைத் தேர்ந்துகொண்டது. தேர்ந்தவர் எம்மலின் பெதிக்-லாரன்ஸ். அவர் சொன்ன சொல் 'வயலட்' அல்ல, 'பர்ப்பிள்'. கண்ணியத்துக்கு ஊதா, தூய்மைக்கு வெள்ளை, நம்பிக்கைக்குப் பச்சை. முதலெழுத்து வித்தைக்கு இதில் இடமே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது. 1908 ஜூன் 21 அன்று ஏழு ஊர்வலங்களாக ஹைட் பார்க்கில் போய் நின்றவர்களுக்கு ரகசிய அடையாளம் எதற்கு? அவர்களுடைய முழு முயற்சியும் கண்ணில் படுவதற்காகவே அல்லவா?

நம் விமரிசனத்திலும் இந்த வியாதி உண்டு. கதையில் ஒரு கிணறு வந்துவிட்டால் போதும், ஆழ்மனம் என்று எழுத இரண்டு பேர் தயார். உரக்கச் சொல்லப்பட்டதைக் கேட்காமல், சொல்லப்படாததைக் கண்டுபிடித்து மகிழ்வது ஒரு சுகம்தான். ஆனால் இந்த விஷயத்தில் அந்தச் சுகம் அசலை மறைத்துவிட்டது. அசல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் ஹாலோவே ப்ரூச்.

சிறிய வெள்ளிப் பொருள். அகலம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. கோட்டை வாயிலில் மேலிருந்து இறக்குவார்களே, அந்த இரும்புக் கிராதிக் கதவின் வடிவம். இரு பக்கமும் சங்கிலி தொங்குகிறது. கிராதியின் மேல் ஓர் அம்பு முனை, ஊதா, வெள்ளை, பச்சை எனாமலில். அவ்வளவுதான். அழகு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஹாலோவே என்பது வட லண்டனில் இருந்த பெண்கள் சிறை. அங்கே தண்டனை அனுபவித்து வந்தவர்களுக்கு மட்டும் சங்கம் இதைக் கொடுத்தது. இன்று ஏலத்துக்கு வருவது அபூர்வம். வந்தால் ஆயிரக்கணக்கான பவுனுக்குப் போகிறது.

கிராதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் ஹென்றிக்குத் தாய் மார்கரெட் போஃபோர்ட் வழியாக வந்த குலச் சின்னம் அது. 1834 தீ விபத்துக்குப் பிறகு பார்லிமென்ட் கட்டடத்தை மறுபடி கட்டிய சார்லஸ் பாரி அதை எங்கெங்கும் செதுக்கி வைத்தார். காலப்போக்கில் பார்லிமென்டுக்கே சின்னமாகிவிட்டது. மூடிய கதவைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்ட ஒரு ஜனநாயக சபை! பெண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மாடத்துக்கு முன்னால் 1917 வரை நிஜமாகவே ஓர் உலோகக் கிராதி இருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்கலாம்.

அம்புதான் முக்கியம்.

'பிராட் ஆரோ' என்று ஆங்கிலத்தில் சொல்லும் அந்த மூன்று கோட்டுக் குறி, அரசாங்கச் சொத்தின் முத்திரை. பல நூற்றாண்டுகளாகப் பீரங்கி, துப்பாக்கி, பாய்மரத் துணி, பீப்பாய் என்று படைக்கலச் சாமான்கள் எல்லாவற்றிலும் அதைக் குத்தினார்கள். அந்தக் குறியுள்ள பொருள் தனியார் வீட்டில் அகப்பட்டால் தண்டனை. அமெரிக்கக் குடியேற்றங்களில் காட்டு மரங்களையும் அது விடவில்லை. 1691இல் மாசசூசெட்ஸுக்குக் கொடுத்த சாசனம், இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள மரங்களைக் கப்பற்படையின் பாய்மரத் தூண்களுக்காக அரசருக்கு ஒதுக்கியது. அடிமரத்தில் கோடாலியால் மூன்று வெட்டு விழுந்துவிட்டால் அது ராஜாவின் மரம். தன் நிலத்தில் நிற்கிறது என்பதற்காக ஒருவன் அதை வெட்டிவிட முடியாது. 1772இல் நியூ ஹாம்ப்ஷயரில் இதற்காகவே ஒரு கலகம் நடந்தது. நம் பக்கத்திலும் இந்த அம்பு புழங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் ராணுவத் தளவாடங்களில் அம்புக்குக் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டார்கள்.

பீரங்கி, மரம், பிறகு மனிதன். கைதியின் உடையெங்கும் இந்த அம்புகளை அச்சடித்தார்கள். தப்பி ஓடினால் அடையாளம் காண என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் குறி சொல்வது வேறு: இந்த உடை அரசாங்கத்தின் சொத்து, உடைக்குள் இருப்பதும்தான்.

அந்த உடையை மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி சில்வியா பாங்க்ஹர்ஸ்ட். எம்மலினின் இரண்டாவது மகள். மான்செஸ்டரிலும், உதவித்தொகை பெற்று லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டிலும் சித்திரம் படித்தவள். 1906 அக்டோபரில் பார்லிமென்ட் முன்கூடத்தில் பெண்கள் கைதானார்கள். மறுநாள் விசாரணையின்போது ஆட்சேபித்ததற்காகச் சில்வியாவுக்கும் பதினான்கு நாள் கிடைத்தது. மூன்றாம் பிரிவு. ஏ கிளாஸ், சி கிளாஸ் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டாம். அரசியல் கைதி என்ற அந்தஸ்து கிடையாது, அம்பு போட்ட உடை உண்டு. வெளியே வந்ததும் உள்ளே பார்த்ததைச் சித்திரங்களாக்கினாள். 1907 தொடக்கத்தில் அவை 'பால் மால் மாகஸீன்' பத்திரிகையில் வந்தன. ப்ரூச்சின் பூர்வீகம் என்று எதையாவது காட்ட வேண்டுமானால் நான் இந்தப் பதினான்கு நாட்களைத்தான் காட்டுவேன். வடிவத்தை அவள் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. அது ஏற்கனவே அவள் தோளில் கிடந்தது. அவள் செய்ததெல்லாம் அதை உடையிலிருந்து கழற்றி, மூன்று நிறங்களைப் பூசி, வெள்ளியில் பதித்ததுதான். சர்க்கார் குத்திய முத்திரை அப்படியே இருக்கிறது. உடைமைக்காரர் மட்டும் மாறிவிட்டார். 'சஃப்ரஜெட்' என்ற சொல்லே 1906இல் 'டெய்லி மெயில்' கேலிக்காக உண்டாக்கியதுதான்; அதையும் இந்தப் பெண்கள் இப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

1909 ஏப்ரலில் சங்கத்தின் பத்திரிகை இதை அறிவித்தது. சங்கத்தின் விக்டோரியா கிராஸ் என்று சொல்லிக்கொண்டது. அதே மாதம் 29ஆம் தேதி ஆல்பர்ட் ஹாலில் சிறை சென்றவர்களுக்கு வழங்கினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் ஊர்வலத்தில் 617 பேர், தண்டனைக்கு ஒன்றாக, வெள்ளி அம்பு முனை வைத்த கோல்களைத் தூக்கிக்கொண்டு லண்டன் தெருக்களில் நடந்தார்கள். ரகசியச் சின்னம் என்ற கதையை நம்புகிறவர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ப்ரூச்சுக்குப் பிறகு வந்த உண்ணாவிரதப் பதக்கத்தின் சமாசாரம் வேறு. 1909 ஜூலையில் மேரியன் வாலஸ் டன்லப் 91 மணி நேரம் உண்ணாமல் இருந்து விடுதலையானாள். செப்டம்பரில் சர்க்கார் குழாய் வைத்துக் கட்டாயமாக ஊட்டத் தொடங்கியது. லேடி கான்ஸ்டன்ஸ் லிட்டன் 1910 ஜனவரியில் ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாக வேஷம் போட்டுக்கொண்டு லிவர்பூல் சிறைக்குப் போனாள். சீமாட்டியாகப் போனபோது இதயம் பலவீனம் என்று வெளியே அனுப்பிய அதே அமைப்பு, தையல்காரியின் இதயத்தைச் சோதிக்கக்கூட இல்லாமல் குழாயைச் செருகியது. ஒரே அம்பு எல்லோர் மேலும் ஒரே கனத்தில் விழவில்லை. ப்ரூச்சில் மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு வாரம் இருந்தவளுக்கும் பல மாதம் இருந்தவளுக்கும் அதே வெள்ளி. பதக்கத்தில் பெயர் வெட்டியிருக்கும், தேதி இருக்கும். ப்ரூச் யாருடையது என்று தானாகச் சொல்லாது.

எங்கள் வங்கியில் நகைக் கடனுக்கு வரும் நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, எடை போட்டு, கல்லுக்குக் கழித்து, மாற்று சொல்லிவிடுவார். யார் கழுத்தில் கிடந்தது என்று உரைகல் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ப்ரூச் விஷயத்தில் சேகரிப்பவருக்கு அது ஒன்றுதான் வேண்டும். ஊசியைத் திருப்பிப் பார்ப்பார், கீலைப் பார்ப்பார், எனாமலில் விரிசல் பார்ப்பார். பிரதிகள் ஏராளமாக இருப்பதால் அதெல்லாம் தேவைதான். ஆனால் உயிர் வருவது ஒரு பெயரோடு சேரும்போது. அதற்கு உதவும் ஏடு எது தெரியுமா? 1914 ஆகஸ்டில் யுத்தம் தொடங்கியதும் இந்தப் பெண்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. அதையொட்டி உள்துறை அலுவலகம், 1906 முதல் கைதானவர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்தது. 1300க்கும் மேற்பட்ட பெயர்கள். குற்றவாளிப் பதிவேடே கௌரவத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறது.

சில்வியா சிறைக்குப் போன அதே 1906 அக்டோபரில் காந்தி லண்டனில் இருந்தார். இந்தக் கைதுகளைப் பற்றி 'இந்தியன் ஒப்பீனிய'னுக்கு வியந்து எழுதினார். அப்போது அவரே சிறை பார்க்கவில்லை. 1908 முதல் டிரான்ஸ்வாலில் அவரோடு சிறை சென்றவர்களில் தமிழர்கள் மிகுதி. சிறைக்குப் போவது அவமானமல்ல, தகுதி என்ற எண்ணம் நம் ஊரில் பிறகு எவ்வளவு தூரம் வேரூன்றியது என்பது தெரிந்ததே. 1972இல் இந்திய அரசு தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மழுப்பிவிடக் கூடாது. பட்டயம், வெற்றிக்குப் பின் அரசு கொடுத்தது. ப்ரூச், போராட்டத்தின் நடுவே, அடுத்த முறையும் உள்ளே போகப் போகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டது. முதலாவதற்கு விண்ணப்பப் படிவம் உண்டு.

1914 ஜனவரியில் சில்வியாவைச் சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். கிழக்கு லண்டன் தொழிலாளிப் பெண்களோடும் தொழிற்கட்சிக்காரர்களோடும் அவள் சேர்ந்து வேலை செய்தது தமக்கை கிறிஸ்டபெலுக்குப் பிடிக்கவில்லை. முப்பது வயதைக் கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு 1918இல் வாக்குரிமை வந்தது. ஆண்களுக்குச் சமமாக 1928இல். கைதிகளின் உடையிலிருந்து அம்பை எடுத்தது 1922இல். சில்வியா கம்யூனிஸ்டானாள், பிறகு எதியோப்பியாவின் விடுதலைக்காக எழுதினாள், 1960இல் அடிஸ் அபாபாவில் காலமானாள்.

எம்மலின் பாங்க்ஹர்ஸ்டின் சிலை 1930 முதல் பார்லிமென்டை ஒட்டிய விக்டோரியா டவர் தோட்டத்தில் இருக்கிறது. 1959இல் அதன் இருபுறமும் இரண்டு வெண்கல வட்டங்களைச் சேர்த்தார்கள். ஒன்றில் கிறிஸ்டபெலின் முகம். மற்றதில் கிராதியும் அம்பும். சில்வியாவின் முகம் அங்கே இல்லை.